பெயர் வரும் இடம்

செம்பாக்கம்
12.2.1991

அன்புள்ள மச்சானுக்கு மெஹர் எழுதுவது. ஸலாம். மாமிக்கு முட்டிவலி விட்டபாடில்லை, மற்றபடி எல்லாரும் சுகம்.

மொழி ஓரளவு வந்தால்தான் ஸ்பெயினுக்கு, லாஸ் பால்மாஸுக்குக் கூப்பிட்டுக்கொள்வேன் என்று எழுதி நீங்கள் பாடக் கேசட்டுகள் அனுப்பியதிலிருந்து அடுப்படியிலும் எனக்கு ஸ்பானிஷ்தான். வெட்கக்கேடு, இரண்டு சொல் ஒரே மாதிரி வந்தால் நாக்கு மாறிப்போகிறது. ஓம்ப்ரே என்றால் ஆள், ஆம்ப்ரே என்றால் பசி. பசிக்கிறது என்று சொல்லப்போய் எனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். பசித்தால் ‘ஆ’ என்று வாயைத் திறப்போம், அதனால் ஆம்ப்ரே. களைத்தால் முனகுவோம், அதனால் ‘ன்’ வருகிற கான்சாதா களைத்தவள். ‘ன்’ இல்லாத காசாதா கல்யாணமானவள்.

“அண்ணி, அங்க போய் யார்கிட்டயும் வாயத் தொறந்துடாதீங்க” என்று உங்கள் தங்கை ஷரீஃபா சிரிக்கிறாள். உறைமேல் உங்கள் பெயரும் விலாசமும் வழக்கம்போல் அவள்தான் எழுதித் தந்தாள்.

உங்கள் மெஹர்


லாஸ் பால்மாஸ்
3.3.1991

அன்பு மெஹருக்கு,

உன் ‘ஆ’வும் ‘ன்’னும் நல்ல வழிதான். நானும் வந்த புதிதில் அசடு வழிந்தவன். காரோ என்றால் விலை அதிகம், கார்ரோ என்றால் வண்டி. ரேடியோ விலை அதிகம் என்று ஒருவர் சொல்ல, வண்டி கேட்கிறார் என்று நினைத்து வாசலைக் காட்டினேன்.

எங்கள் கடையில் பிலார் என்று ஒரு பெண் வேலை செய்கிறாள். உன் பேச்சைக் கேட்டுத் திருத்திச் சொல்கிறேன் என்கிறாள். உன் பெயர், உன் கணவர் பெயர், அவர் வேலை, ஊர் எல்லாம் சொல்லி ஒரு கேசட் பதிந்து அனுப்பு. என் பெயரை வாய்விட்டுச் சொல்லணும். டில்லியில் விசா அதிகாரியும் இதைத்தான் கேட்பார். அங்கே போய் வெட்கப்பட்டு நிற்காதே.

ஹனீஃபா


செம்பாக்கம்
2.4.1991

அன்புள்ள மச்சானுக்கு,

தாம்பரம் மார்க்கெட்டில் கேசட் வாங்கிப் பதிந்துவிட்டேன். ஏர்போர்ஸ் விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பேசினேன். எல்லாம் வந்தது. ‘என் கணவர் பெயர்’ என்றதும் பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆகாது என்று சொல்லி வளர்த்தார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையை நீட்டிவிட்டு நிற்கிறவள் நான். பக்கத்து அறையில் மாமி வேறு. கடைசியில் அந்த இடத்தில் மட்டும் ஷரீஃபா உங்கள் பெயரைச் சொன்னாள். கோபித்துக்கொள்ளாதீர்கள். விசா அதிகாரியிடம் எப்படியாவது நானே சொல்லிவிடுவேன். உங்களிடம் வந்து சேர்ந்தால் போதும் எனக்கு.

உங்கள் மெஹர்


லாஸ் பால்மாஸ்
28.4.1991

மெஹருக்கு,

முதலாளி, பிலார் எல்லாரும் இருக்கும்போது உன் கேசட்டைப் போட்டேன். பேசுவது ஒரு குரல், என் பெயரைச் சொல்வது இன்னொரு குரல். கடையே சிரித்தது. உங்கள் ஆட்களுக்கு எத்தனை பெண்டாட்டி என்று பிலார் கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பெயரைத் தெளிவாகச் சொல்கிறாளே அவள்தான் என் மனைவி, தடுமாறுகிறவள் வீட்டு வேலைக்காரி, வேடிக்கைக்குப் பேசியிருக்கிறாள் என்று சொல்லிச் சமாளித்தேன். இதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

டில்லிக்கு இப்போது அவசரமில்லை. முதலில் ஒழுங்காகப் பேசப் பழகு.

ஹனீஃபா


செம்பாக்கம்
20.5.1991

ஜனாப் ஹனீஃபா அவர்களுக்கு,

பெயரைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், நானேதான் எழுதினேன்.

“அண்ணன் இன்னா எழுதியிருக்காங்க அண்ணி, நம்ம கேசட் நல்லாருந்துச்சாமா?” என்று ஷரீஃபா ஆசையாகக் கேட்டாள். தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். அவளிடம் என்னவென்று சொல்வது? என்னை வேலைக்காரி என்றதைக்கூட விடுங்கள். கூடப்பிறந்தவளைப் பெண்டாட்டி என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு நாக்குக் கூசவில்லை. அதைக் கடிதத்தில் படித்த எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவளோ ஒன்றும் தெரியாமல் எனக்கு டீ போட்டு வந்து தருகிறாள்.

நேற்று மொட்டைமாடியில் நின்று உங்கள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். தடங்கலில்லாமல் வருகிறது. மாமி கீழே துணி மடித்துக்கொண்டிருந்தார், கேட்டிருக்கும். எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

கல்யாணமானவள், களைத்தவள் இரண்டு சொல்லும் இப்போது குழம்பவில்லை. ஆனால் டில்லிக்கு நான் போகப்போவதில்லை. நீங்கள் அனுப்பிய பாடக் கேசட்டுகளைத் தனியாகப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். வீட்டு வேலைக்காரிக்கு ஸ்பானிஷ் எதற்கு?

இந்த உறைமேல் விலாசத்தையும் நானே எழுதிவிட்டேன். ஷரீஃபாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மெஹர் பானு