டைனமோ நல்லாத்தான் சுத்துது

என் அருமை மாமாவுக்கு,

மலையில் புளி உலுக்க ஆரம்பித்துவிட்டார்கள். போன வருஷம் இந்நேரம் உங்கள் ஜீப்பில் ஆளும் மூட்டையுமாக ஏற்றிக்கொண்டு ஒடுகத்தூர் சந்தைக்கு இறங்குவீர்கள். என் ஷெட்டுக்கு முன்னால் ஹாரன் அடித்து, "மச்சான், டீ சொல்லுய்யா" என்பீர்கள். இந்த வருஷம் அந்த ஜீப் என் ஷெட்டுக்குள் நிற்கிறது. நீங்கள் இல்லை.

அக்கா நன்றாக இருக்கிறாள் என்று எழுத ஆசைதான். பொய் எழுத வரவில்லை. உங்கள் படத்தை மாட்டினாளே தவிர, இன்றுவரை அதற்கு ஒரு பூ வைக்கவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்கிறாள். "வண்டியப் பாக்காத மனுஷன். சரிவு இருந்தா போதும்னு இருந்தாரு. சாவறப்பகூட என்னை வண்டி தள்ள வச்சிட்டுப் போய்ட்டாரு." கேட்டுக்கொண்டு நான் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

மலையில் ஜீப் ஓட்டுகிறவன் எங்கே போனாலும் வண்டியின் மூக்கை இறக்கத்தைப் பார்க்க வைத்துத்தான் நிறுத்துவான். பிரேக்கை விட்டால் உருளும், கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். "மலையே தள்ளிவுடுது, எனக்கு செல்ஃப் ஸ்டார்ட் எதுக்கு?" என்று சிரிப்பீர்கள். பழைய டீசல் வண்டி. ஒருமுறை பிடித்துவிட்டால் பேட்டரி செத்திருந்தாலும் ஓடும். அப்படித்தான் கோளாறு வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் ஓடியது.

இல்லை, உங்களுக்குத் தெரிந்திருந்தது. மெக்கானிக் என்று போர்டு மாட்டியவனுக்குத்தான் தெரியவில்லை. பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வருவீர்கள், சார்ஜ் ஏற்றிக் கொடுப்பேன், நாலு நாளில் மறுபடியும் வருவீர்கள். மூன்றாவது தடவை ஜீப்போடு வந்து கேட்டீர்கள்: "பேட்டரி மேல தப்பு இல்ல போலக்குது மச்சான். டைனமோவ ஒரு தரம் பாரேன்." பானட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஓடும் வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது டைனமோதான்; அதைச் சுற்றும் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. "டைனமோ நல்லாத்தான் சுத்துது மாமா, பேட்டரிதான் வீக்" என்றேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால், சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லும் சிவப்பு விளக்கு அணையாமல் எரிவதைக் காட்டினீர்கள். அது வயரிங் கோளாறு என்றேன். வோல்ட் பார்க்கும் மீட்டர் எட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கியது. எழுந்து எடுக்க எனக்கு அன்று என்ன கேடு?

அந்த நாள் காலையில் வீட்டுக்கு முன்னால் இருக்கும் இறக்கத்தில் எதிர்வீட்டுச் சடையன் சாமை காயப்போட்டிருந்தார். அவருக்கு வேறு இடம் இல்லை. "காயட்டும், ஒரு நாள்தான" என்று உங்கள் இடத்தை அவருக்கு விட்டுவிட்டு, ஜீப்பைப் பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் சமமான இடத்தில் நிறுத்தினீர்கள். பதினோரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். சடையனுக்கு டிராக்டர் ஓட்டிப் பழக்கம். அவர்தான் சாவியைத் திருப்பினார். டிக் டிக் என்றதே தவிர வண்டி அசையவில்லை. உங்களை உள்ளே படுக்க வைத்துவிட்டு அக்காவும் நாலு பெண்களும் பின்னால் நின்று தள்ளினார்கள். இறக்கம் வரை தள்ளிக்கொண்டு போய், காய்ந்த சாமை மேலேயே உருட்டிய பிறகுதான் எஞ்சின் பிடித்தது. அதற்குள் அரைமணி நேரம் போய்விட்டது.

போனில் சேதி கேட்டு, கீழே ஆஸ்பத்திரி வாசலில் நான் நின்றிருந்தேன். உங்களைப் பார்த்துவிட்டு டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதியைத் தினமும் நான் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் அக்கா என்னைக் கூப்பிட்டு, "அத எடுத்துட்டுப் போய் சரிபண்ணு. சடையன் ஓட்றேன்றாரு. என் கண்ணு முன்னால அப்டியே கெடக்க வாணாம்" என்றாள். கொண்டுவந்தேன். பேட்டரிக்கு முழுதாகச் சார்ஜ் ஏற்றி மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு மீட்டரை வைத்தேன். பதினாலு வோல்ட் பக்கம் ஏற வேண்டும். பன்னிரண்டரையைத் தாண்டவில்லை, ஹெட்லைட் போட்டதும் இன்னும் இறங்கியது. டைனமோ சுற்றியது, கரண்ட் மட்டும் தரவில்லை. பிரித்தால் உள்ளே கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் இரண்டும் நகத்தளவுக்குத் தேய்ந்து கிடந்தன. மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. ஒரு மணி நேரம்தான், மாமா. ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நேற்று சந்தைக்கு இறங்கிய அக்கா ஷெட்டுக்கு வந்தாள். நான் சாவியைத் தொட்டதுமே வண்டி கிளம்பியது, ஷெட்டின் சமமான தரையிலேயே.

"இன்னாடா இது? இப்ப மட்டும் எப்டிடா கெளம்புது?"

"புது பேட்டரிக்கா" என்றேன்.

"அதத்தான் சொல்றேன். ஒரு பேட்டரி மாத்தணும்னு தோணல பாரு அந்த மனுஷனுக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

மாமா, அது உங்கள் பழைய பேட்டரிதான். உண்மையை மறைத்தது போதாதென்று, செத்துப்போனவர் தலையில் இரண்டாம் தடவையாகப் பழியைப் போட்டுவிட்டேன்.

உண்மை தெரிந்தால் அக்கா இனி என்னைத் தம்பி என்று கூப்பிடுவாளா? அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அவள் வீட்டு வாசல் ஒன்றுதான். அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் இருந்திருந்தால், "வுடு மச்சான், அவகிட்ட இன்னாத்துக்கு சொல்ற" என்று பழியை நீங்களே வாங்கிக்கொண்டிருப்பீர்கள். அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

நாளைக் காலை ஜீப்பை நானே மேலே ஓட்டி வருகிறேன். பள்ளிக்கூடத்துப் பக்கத்தில், அதே சமமான இடத்தில் நிறுத்துவேன். தேய்ந்த பிரஷ் இரண்டையும் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அக்கா கையில் கொடுத்து, மாமா கேட்டார், நான்தான் பார்க்கவில்லை என்று சொல்வேன். இது சத்தியம். அடித்தாலும் துரத்தினாலும் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் மேல் அவள் வைத்திருக்கும் கோபம் எனக்குச் சேர வேண்டியது. வரும்போது ஒரு முழம் பூ வாங்கி வருகிறேன். உங்கள் படத்துக்கு அவளே வைக்கட்டும்.

கேட்டும் பார்க்காமல் விட்ட
உங்கள் மச்சான்