சாவியை எடுத்தும் ஆறாத பெட்டி

"எப்சி, பானையில கஞ்சி இருக்கு. ஃபியூஸ் வாங்க பொன்னேரி போறேன். ஜீப்ப தொடாத" என்று மனைவிக்குத் துண்டுச்சீட்டு எழுதினான் தானியேல். ஆல்ட்ரேஷனுக்கு வந்து வாசலில் நின்ற அந்த ஜீப்பின் சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. ஆனாலும் அவன் மாட்டிய அலாரப் பெட்டி சுட்டது. சாவி போட்டால் மட்டும் வரவேண்டிய கரண்டைத் தவறுதலாக பேட்டரியிலிருந்தே நேராகக் கொடுத்திருந்தான். இப்போது பேட்டரியைக் கழற்றினால், திரும்ப மாட்டினாலும் அலாரம் வண்டியை ஸ்டார்ட் ஆக விடாமல் பூட்டிவிடும். சாயங்காலம் வரும் ஓனர் சும்மா விடமாட்டார்.

காலையில் எப்சி, "இன்னாய்யா, வயர் கருகுற வாசன வருது" என்றதற்கு, "சாவியே என்கிட்ட இருக்கு, போ" என்று சீறியிருந்தான்.

"ஈர வலைய பானட்டு மேல போடாத" என்று சேர்த்தான். ஏரியிலிருந்து வந்ததும் அவள் வலையை வாசலில் நிற்கும் வண்டியின் முன்மூடியில்தான் விரிப்பாள். பால்வாடி விட்டு வரும் பாப்பா பின்சீட்டில் ஏறித் தூங்கிவிடும். அப்புறம்தான் அவள் வீட்டுக்குள் வந்து இந்தத் துண்டுச்சீட்டைப் பார்ப்பாள்.

பேனாவைப் போட்டுவிட்டு ஸ்பேனரோடு ஓடினான். திரும்பி வந்து, துண்டுச்சீட்டின் ஓரத்தில் நுணுக்கி எழுதினான்:

"பேட்டரிய கழட்டிட்டேன். ஓனர் கத்துனா கத்தட்டும். பாப்பாவ அதுல ஏற விடாத. காலைல அந்த வாசன எனக்கும் வந்துச்சு."