பென்சில் பெட்டியில் பதினெட்டு மாத்திரைகள்

சுங்கை பினாங்,
செவ்வாய் இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் பிரமிளா வணக்கத்துடன் எழுதுவது. எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. குளியலறையைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவின் போனில் அனுப்பினால் அண்ணன் பார்த்துவிடுவார். காலையில் நீங்கள் இருக்கும் சிங்கப்பூருக்குப் பேருந்து ஓட்டும் அர்ஜுனன் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புவேன்.

கோகுலன் அண்ணன் ஒன்பது நாளாக அந்த மாத்திரையைச் சாப்பிடவில்லை. காலையும் இரவும் அம்மா கையில் கொடுப்பார். அண்ணன் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, மாத்திரையைப் பள்ளியில் வீசிவிடச் சொல்லி என்னிடம் தருவார். எனக்கு வீச மனமில்லை. பதினெட்டும் என் பென்சில் பெட்டியில் இருக்கின்றன.

அண்ணனின் இரத்தப் புற்றுநோய்க்கு நான் ஸ்டெம் செல் கொடுத்து மூன்று மாதமாகிறது. டாக்டர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். என் செல் கொஞ்சம் சண்டை போட்டால்தான் மிச்ச நோய் சாகும். அளவு மீறினால் அண்ணனின் உடம்பையே தாக்கும். அதை அடக்கத்தான் மாத்திரை. அதன் அளவை டாக்டர்தான் மெல்லக் குறைப்பார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஹைருலுக்கு நோய் திரும்பியதிலிருந்து அண்ணனுக்கு டாக்டர் சொன்னதில் முதல் பாதி மட்டும்தான் ஞாபகம். "சின்னதுலேர்ந்து என்கூட சண்டை போட்டவதானே, இப்ப நல்லா போடு லா. உன்னை எதுக்குக் கட்டி வைக்கணும்?" என்று சிரித்தார்.

இப்போது சிரிப்பில்லை. உள்ளங்கை சிவந்து தோல் உரிகிறது. இன்று ஏழு முறை வயிற்றுப்போக்கு. கண் மஞ்சளாக இருக்கிறது. செல் வேலை செய்கிறது என்று நினைத்து அம்மா சாமிக்குக் கற்பூரம் ஏற்றினார். அது என் செல், அப்பா. அண்ணனை உள்ளேயிருந்து தின்பது நான்தான்.

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அம்மா தூங்கும்போது அண்ணன் என் கையை எடுத்து அம்மாவின் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். யாரிடம் சொன்னாலும் அம்மா உயிருக்கு ஆகாது. நேற்று பள்ளி அலுவலகத்திலிருந்து ஆஸ்பத்திரி நர்ஸ் ரோஹானா மிஸ்ஸியை அழைத்தேன். அவர் குரல் கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

மிஸ்ஸியின் எண்ணைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். படித்தவுடன் அழையுங்கள். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

சத்தியத்தை மீறிவிட்டேன். அம்மாவின் மோட்டார் சைக்கிள் சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். நாளை மட்டுமாவது பஸ்ஸில் வேலைக்குப் போகட்டும். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் அடியுங்கள். சீக்கிரம் வாருங்கள். எனக்கு இரண்டு பேரும் வேண்டும், அப்பா.

உங்கள் மகள்,
பிரமிளா