பரிசோதனைக்கு நானும் போனேன்

அன்புள்ள நெவேனா,

இங்கே பிராக் நகரில் நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? அம்மாவின் இருமல் எப்படி?

பயப்படாமல் படி. போன மாதம் குழந்தைப்பேறு மருத்துவரிடம் போனேன்.

“அஞ்சு வருஷமா உங்க மனைவிக்கு மட்டும் பரிசோதனை. நீங்க எங்க போயிருந்தீங்க?” என்று கேட்டார்.

“எனக்கென்ன டாக்டர், சிமெண்டு மூட்டை தூக்குறேனே,” என்றேன். சிரித்துவிட்டார்.

இரண்டு முறை பரிசோதித்துப் பார்த்தார்கள். எனக்கு விந்தணு மிகக் குறைவு. கருப்பைக்குள் விந்தைச் செலுத்தும் எளிய முறை நமக்குப் பலிப்பது அரிதாம். உன் கருமுட்டைகளை வெளியே எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு விந்தணுவைச் செலுத்திப் பார்க்கலாம். முதல் தடவையே கைகூடும் என்று அவர் உறுதி சொல்லவில்லை. குறை என்னுடையது, ஊசிகள் உனக்கு. அதனால் முடிவை நீ சொல்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

“இதை வெளிய சொல்லாதடா கிரில்.”

“நெவேனாவைப் பத்தி மட்டும் ஊர் முழுக்கச் சொன்னியேம்மா?”

வைத்துவிட்டார்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. பொட்டலத்துக்குள் நாலு வரி எழுதியும் வை.

மடாலயத்தில் நீ குழந்தை கேட்டு மண்டியிட்டபோது நான் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடு.

வேலைக்குப் போகும் டிராம் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

கிரில்