மாப்பிள்ளை போட்ட கூரை

இலஞ்சி
ஆடி மாதம்

அன்பு மகள் சுகந்திக்கு அம்மா எழுதுவது. அயர்லாந்துக் குளிரில் உனக்கு ஒரு குறையும் வராமல் இலஞ்சிக் குமாரர் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நான் சுகம், கோழிகள் சுகம், உன் வீட்டுக்காரர் எங்கள் எல்லாரையும்விட ரொம்பச் சுகம். போனில் பேசினால் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். அவரை அங்கே கூப்பிட விசாவுக்கு எழுதிப் போடட்டுமா, ஆள் இப்போது திருந்தியிருக்கிறாரா என்று கேட்டாயே, அன்றைக்கு நான் சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிட்டேன். அதற்குப் பதில் இதுதான்.

தென்காசி மொபைல் கடை வேலையை உதறிவிட்டு, நாட்டுக்கோழிப் பண்ணை வைத்து முன்னுக்கு வரப்போவதாக உன்னிடம் சொன்னாரல்லவா, அந்தப் பண்ணை நம் புறவாசலில் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற கூடுதான். கோழி வாங்கியது நான், தீனி வைப்பது நான், பெருக்கி அள்ளுவது நான். கூரையையாவது நீங்கள் போடுங்கள் என்றேன். அதற்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு வாரக்கணக்கில் வீடியோ பார்த்தார், ஆராய்ச்சியாம். கடைசியில் மூங்கில் கம்பை மண்ணில் குத்தி, தகரத்தை மேலே வைத்து, கட்டுக்கம்பியால் சுற்றி, பறக்காமலிருக்கச் செங்கலைத் தூக்கி வைத்தார். தூக்கணாங்குருவிக்கு அதைவிட நன்றாகக் கட்டத் தெரியும். கூரையின் உயர்ந்த பக்கம் மேற்கே வாயைத் திறந்துகொண்டிருக்கிறது, செங்கோட்டைக் கணவாய்க் காற்று நேரே அதற்குள்தான் புகும், திருப்பிப் போடுங்கள் என்றேன். சிரித்தார். "அத்த, காத்து எப்படிப் போவும்னு நான் வீடியோவுல பாத்துட்டேன், நீங்க சும்மா இருங்க" என்றார். அந்த வீடியோவைக் காற்றுக்கும் ஒரு தடவை காட்டியிருக்கலாம். பிறகு கூரைக்குக் கீழே நின்று போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினார், நீயும் அறிவில்லாமல் ஒரு இதயம் அனுப்பினாய், அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

சாரல் தொடங்கிய வாரமே ஒரு சாயங்காலம் காற்று வந்தது. தகரம் அப்படியே எழுந்து பக்கத்து வீட்டு ஜைனப்பின் முருங்கையை முறித்துக்கொண்டு விழுந்தது. செங்கல் சரிந்து, குஞ்சுகளை அணைத்துக் கிடந்த வெள்ளைக்கோழி அங்கேயே செத்துப்போயிற்று. நான் குஞ்சுகளை முந்தானையில் அள்ளுகிறேன், ஜைனப் முருங்கை போன கோபத்தையும் மறந்து ஓடிவந்து தார்ப்பாயின் மறுமுனையைப் பிடிக்கிறாள், மாப்பிள்ளையைக் கூப்பிட்டால் ஆளைக் காணோம். வாசலில் நின்ற பைக் நனைகிறதென்று அதை நடுவீட்டுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாராம். அதைத் துடைத்து நிறுத்திவிட்டுத்தான் புறவாசலுக்கு வந்தார், குடையோடு. செத்த கோழியைப் பார்த்தார். "இதச் சும்மா தூரப் போடவா? கொழம்பு வச்சிருங்க அத்த, சிவகிரியில இருந்து பயலுவ ஐந்தருவிக்குக் குளிக்க வாரானுவ" என்றார். வைத்துக் கொடுத்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, பண்ணைத் தொழிலில் இழப்பு சகஜம் என்று அவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே எலும்பைக் கடித்தார். நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

அப்புறம் தென்காசியிலிருந்து வெல்டிங் ஆளை வரவழைத்து நானே கூட நின்று கூரை போட்டேன். இரும்புக் குழாயைக் குழிக்குள் கான்கிரீட் ஊற்றி நிறுத்தி, சட்டத்தை அதோடு பற்றவைத்து, தாழ்ந்த பக்கத்தை மேற்கே வைத்தோம், காற்று மேலோடு ஏறிப் போய்விடும். தகரத்தின் மேட்டில்தான் ரப்பர் வாஷர் போட்டு ஸ்குரூ முடுக்கினோம், பள்ளத்தில் முடுக்கினால் தண்ணீர் உள்ளே இறங்கும். சாரல் தெறிக்காதபடி ஓரத்தை நீட்டிவிட்டு, வெக்கை போகக் கூரைக்கடியில் வலையும் அடித்தாயிற்று. மாப்பிள்ளை நாற்காலி போட்டு உட்கார்ந்து, அங்கன முடுக்கு இங்கன முடுக்கு என்று கை காட்டிக்கொண்டிருந்தார். இவுக யாரு என்று வெல்டிங்காரர் மெதுவாகக் கேட்டார். விருந்தாளி என்றேன். ஆடிக் காற்றும் வந்து மோதிப் பார்த்துவிட்டது, ஒரு ஸ்குரூ அசையவில்லை.

கூரை போடத் தெரியாதது குற்றமில்லை சுகந்தி, யார் போட்டதும் பறக்கலாம். அன்றைக்கு அந்த மழையில் குஞ்சுகளுக்குப் பதில் உன் வயிற்றில் பிறந்தது ஒன்று நனைந்துகொண்டிருந்தால் இவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதிலிருந்து முகத்தைப் பார்த்துச் சோறு போட முடியவில்லை, தட்டைப் பார்த்துப் போடுகிறேன். கூப்பிடுவதும் விடுவதும் உன் இஷ்டம். நீ கூப்பிடாவிட்டால் இங்கே என்னோடுதான் கிடப்பார், அது எனக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. முடிவை என் போனில் சொல்லாதே, ஜைனப் நம்பருக்குக் கூப்பிடு. எங்கே இருந்தாலும் நீ தலை நிமிர்ந்து நன்றாக இரு தாயி.

நேற்று மாப்பிள்ளை என்னிடம் வந்து, "அத்த, நம்ம போட்ட கூரையப் பத்தி சுகந்திட்ட நல்லா எடுத்துச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். சொல்லிவிட்டேன்.

உன் அம்மா,
சங்கரம்மாள்