சின்ன 'ஆஸ்க்'

புதன்கிழமை.

கம்பெனியின் ஆங்கிலக் கடிதங்களில் பிழை திருத்துவதுதான் பதினெட்டு வருஷமாக என் வேலை. அதில் கடைசி நாலு வருஷம் 'ஆஸ்க்' என்ற ஒரே சொல்லோடு மல்லுக்கட்டியே போனது. கேட்பதற்கான வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக்கி, "எங்கள் ஆஸ்க் இது" என்று எழுதுகிறார்கள். நான் அதை அடித்து 'ரெக்வெஸ்ட்' என்று போடுவேன். மேனேஜர் ஸ்ரீஜா, சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் பெண், மறுபடியும் 'ஆஸ்க்' ஆக்கிவிடுவாள். "இப்ப எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க, அல்லே சேச்சி?" என்பாள்.

இன்று மத்தியானம் அவளிடமிருந்து மெயில். "ஒரு சின்ன ஆஸ்க்" என்று ஆரம்பம். கை சும்மா இருக்கவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்தித் திருப்பி அனுப்பினேன். மீதியை அப்புறம்தான் படித்தேன். அடுத்த மாதத்திலிருந்து திருத்தும் வேலையை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளுமாம். நான் ராஜினாமா எழுதித் தர வேண்டுமாம்.

எழுந்து அவள் மேஜைக்குப் போனேன்.

"மேலேர்ந்து சொல்லிட்டாங்க சேச்சி. நான் என்ன செய்ய?"

"முடியாதுன்னு சொன்னா?"

"அப்படிச் சொல்ல முடியாதல்லே" என்றாள். கண் கலங்கியிருந்தது.

வலியசாலை வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் இவர், "ஏன் மூஞ்சி வாடியிருக்கு?" என்றார். "ஒண்ணுமில்லே, தலைவலி" என்றேன். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ரெக்வெஸ்ட் என்றால் மறுக்கலாம். இதை மறுக்க முடியாது. ஸ்ரீஜா சரியான சொல்லைத்தான் போட்டிருந்தாள். என் கடைசித் திருத்தம்தான் பிழை.