முப்பத்தெட்டுக் கேள்வி, நான்கு பதில்

மார்ச் 11, புதன்கிழமை, மாலை 6.40
எண்ணிக்கை: கேள்வி 38, பதில் 4

அன்புள்ள நட்டு,

இங்கே நான் நலம். அங்கே நீயும் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நேற்று அம்மா அனுப்பிய படத்தில் உன் முழங்காலில் பிளாஸ்டர் தெரிந்தது, அதனால் முக்கால் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். பிளாஸ்டரைப் பிய்க்காதே, தானாக விழும். இந்தக் கடிதத்தை அம்மா உனக்கு வாசித்துக் காட்டுவாள். ஐந்து வயதுக்குப் புரியாத இடங்கள் நிறைய வரும், அவற்றைத் தாண்டிப் போகச் சொல், பெரியவளானதும் நீயே படித்துக்கொள். குழந்தைக்குக் குழந்தை மாதிரி எழுத எனக்கு வராது, ஒயரிங் வரைபடம் மாதிரிதான் வரும். கடிதம் எழுதச் சொன்னதே அம்மாதான். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஏதோ சொல்ல வந்தாய். ‘ப’ என்று ஆரம்பித்து, உன் வழக்கப்படி அந்த இடத்தில் கொஞ்சம் நின்றாய். நான் பந்தா, பல்லா, பஸ்ஸா, பலூனா என்று வரிசையாக எடுத்துக் கொடுத்தேன். நீ போனை அம்மா கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாய். “நீ அவளைப் பேசவே விடமாட்டேங்கற, பேசாம லெட்டர் எழுது, அதுல நீ மட்டும் பேசிக்கிட்டே போகலாம், குறுக்க யாரும் வரமாட்டாங்க” என்றாள் அம்மா. சரி, என்ன சொல்ல வந்தாள் என்றாவது சொல்லேன் என்று கேட்டேன். “அவகிட்டயே கேளு” என்று வைத்துவிட்டாள். இந்த இடத்தை அம்மா வேகமாக வாசிப்பாள், கவனி.

வீட்டுச் செய்தி என்றால், சித்தப்பா பைக் தேர்வில் மூன்றாம் முறையும் தோற்றுவிட்டு வந்தான், எட்டுப் போடச் சொன்னால் ஒன்பது போட்டானாம், அதிகாரிக்கு ஒரு எண் அதிகமாகவே கொடுத்தேன் என்கிறான். உன் கட்டிலை முடித்துவிட்டேன். ஆனால் எட்டு மாதத்துக்கு முன் எடுத்த அளவு அது, இப்போது நீ நான்கு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டாய் என்று அம்மா சொல்கிறாள், அதனால் கால்பக்கப் பலகையை இன்னும் முடுக்காமல் வைத்திருக்கிறேன். அங்கே சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றாளே, உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும், அதை மாற்றினால் போதும், குழாயையே மாற்றவேண்டும் என்று சொல்கிற ஆளை நம்பவேண்டாம் என்று சொல். இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து எழுந்துபோய் பால்கனியில் நின்றுவிட்டு வந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

அம்மாவின் பயிற்சி முடிந்து ஜூனில் நீங்கள் இங்கே வந்ததும் நீ சேரப்போகிற பாலர் பள்ளி நம் தெருக்கோடியில் இருக்கிறது. முன்பு அது டைல்ஸ் கடை. கடைக்காரர் காலி செய்தபோது சரக்கைத்தான் எடுத்துப் போனார், சுவரில் மாதிரிக்கு ஒட்டிய டைல்ஸை அப்படியே விட்டுவிட்டார், தரையும் சுவரும் ஒரே பளபளப்பு. அதன் நிர்வாகி அம்மாள் போன வாரம் என்னைக் கூப்பிட்டார். “டீச்சருக்கு அடிக்கடி தொண்டை கட்டிக்குது, பின்னாடி உக்காந்திருக்கற பசங்களுக்குக் கேக்கறதில்ல, ஒரு மைக்கும் ரெண்டு ஸ்பீக்கரும் போட்டுக் குடுங்க” என்றார். அரங்குகளுக்கு மைக் பொருத்துவதுதானே என் தொழில். இன்று காலை ஒலி அளக்கும் மீட்டரோடு போய் ஒரு குட்டி நாற்காலியில், முழங்கால் தாடையில் இடிக்க, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு பிள்ளைகள், ஒரு டீச்சர், ஒரு ஆயா. டீச்சரின் குரல் பின்வரிசைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று அளந்தேன். அது அரை மணி நேர வேலை. மீதி நேரம் சும்மா இருக்க முடியாமல், நீ வந்து உட்காரப்போகிற இடமாயிற்றே என்று, டீச்சர் கேட்கிற கேள்விகளை எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தெட்டு. அதில் பிள்ளைகள் பதில் சொன்னது நான்கு. மற்ற முப்பத்துநான்குக்கும் அவரே கேட்டு அவரே பதில் சொன்னார். கேள்விக்கும் அவருடைய பதிலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ஒரு நொடி, சில சமயம் அதுவும் இல்லை. மஞ்சள் சாக்ஸ் போட்ட ஒரு சின்னப் பெண் இருந்தாள். “வானம் என்ன நிறம்?” என்று டீச்சர் கேட்டார். அவள் ஜன்னலைப் பார்த்துவிட்டு ‘சா’ என்று வாயெடுத்தாள். “நீலம். எல்லாரும் சொல்லுங்க, நீலம்” என்றார் டீச்சர். எல்லாரும் நீலம் என்று கத்தினார்கள். அவளும் கத்தினாள், ஆனால் கண் ஜன்னலிலேயே இருந்தது. வெளியே மழை மேகம் போட்டிருந்தது, நட்டு. நீலம் எங்கேயும் இல்லை.

எனக்கு எப்படிக் கொதித்தது என்று உனக்குத் தெரியாது. உனக்கு ஒரு சொல் வெளியே வர நான்கு நொடி, ஐந்து நொடி ஆகும். ஒரு நொடி வகுப்பில் உன்னை வைத்தால், ஒரு வருடத்தில் நீ பேச வாயெடுப்பதையே விட்டுவிடுவாய். அங்கேயே, அந்தக் குட்டி நாற்காலியிலேயே, நிர்வாகிக்குப் போனில் மின்னஞ்சல் எழுதி அனுப்பினேன். மைக் தேவையில்லை, கோளாறு ஒலியில் இல்லை, ஆளில் இருக்கிறது, ஆளை மாற்றுங்கள் என்று எழுதி, எண்ணிக்கைத் தாளையும் படம் பிடித்து இணைத்தேன். ஓடாத பாகத்தைக் கழற்றிப்போட்டு வேறு பாகம் போடுகிற புத்தி. பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. “ரொம்ப நன்றி. எனக்கும் கொஞ்ச நாளா இந்த எண்ணம் இருந்துச்சு, கையில ஆதாரம் இல்லாம இருந்தேன். நாளைக்கு ஒன்பது மணிக்கு வாங்க, டீச்சரையும் வெச்சுக்கிட்டே பேசி முடிச்சுடலாம்.” முடித்துவிடலாம் என்ற சொல்லைப் படித்தபோதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

மீட்டரை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மூன்றரைக்கு எடுக்கப் போனேன். பிள்ளைகள் போயாயிற்று, அழைத்துப்போக ஆள் வராத மூன்று பேர் மட்டும் இருந்தார்கள், மஞ்சள் சாக்ஸும் அதில் ஒருத்தி. டீச்சர் தரையில் சிந்திய மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா, முப்பத்தெட்டு, நான்கு, ஒரு நொடி, மஞ்சள் சாக்ஸ் பார்த்த வானம் என்று எல்லாவற்றையும் அவரிடமே சொல்லிவிட்டேன். மின்னஞ்சல் போட்டதை மட்டும் சொல்லவில்லை. அவர் கோபப்படவில்லை. “வானம் கேட்டப்ப அந்தப் பொண்ணு ஏதாவது சொன்னாளா சார்?” என்றார். ‘சா’ என்று ஆரம்பித்தாள் என்றேன். “எனக்குக் கேக்கல” என்றார். பக்கத்தில்தானே நின்றீர்கள் என்றேன். அவர் மேலே சுழன்ற மின்விசிறியைக் காட்டினார். உனக்கு இந்த இடம் புரியாது, பெரியவளானதும் அப்பாவைத் திட்டிக்கொள். மீட்டரை எடுத்துக் காலையில் பதிவானதைப் பார்த்தேன். தேய்ந்த பேரிங்கோடு இரண்டு மின்விசிறி, டைல்ஸில் நாற்காலி இழுபடுவது, எதிரொலி, எல்லாம் சேர்ந்து ஒரு பிள்ளையின் சாதாரணக் குரலைவிட அந்தக் கூடத்தின் சத்தம் அதிகம். நான் டீச்சர் குரல் பிள்ளைகளுக்குப் போகிற பாதையை மட்டும் அளந்திருக்கிறேன். பிள்ளை குரல் டீச்சருக்குத் திரும்பி வருகிற பாதையை அளக்கவே இல்லை. பதினைந்து வருடமாக மைக் மாட்டிக்கொண்டிருக்கிறவன், மேடையில் நிற்பவருக்கு எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கிறதா என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அப்படியென்றால் தப்பு முழுக்கச் சத்தத்தின் மேல்தான் என்று சொன்னேன், நானே அவருக்கு விடுதலை கொடுக்கிற மாதிரி. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “சத்தம் பாதி சார். மீதி பாதி பழக்கம். பதினோரு வருஷமா நானே கேட்டு நானே சொல்லி வந்துடுச்சு. காத்திருந்தா ஒருத்தன் பாத்ரூம் போகணும்பான், இன்னொருத்தன் பக்கத்துல இருக்கறவனக் கடிப்பான். ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினாங்க, அதுல சார்ட் ஒட்டறது எப்படின்னு சொல்லிக்குடுத்தாங்க. பதிலுக்குக் காத்திருக்கறது எப்படின்னு யாரும் சொல்லிக்குடுக்கல. வீட்டுலயும் இப்படித்தான், காப்பி வேணுமான்னு கேட்டுட்டு, நானே வேணாம்ல, சரின்னு சொல்லிட்டுப் போயிடறேனாம், எங்க வீட்டுக்காரர் சொல்வார்” என்றார். அதற்கென்ன, காத்திருப்பது ஒரு பெரிய வேலையா என்று கேட்டுவிட்டேன். மூலையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த ஆயா, “அப்ப தம்பி செஞ்சு காட்டட்டும், அஞ்சு செகண்டு, நான் எண்ணறேன்” என்றார். மின்விசிறி இரண்டையும் நிறுத்தினேன். மஞ்சள் சாக்ஸ் முன்னால் போய் நின்று, வானம் என்ன நிறம் என்று கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். “சாம்பல்தானே?” என்றேன் நான். ஆயாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “மூணு கூடத் தாங்கலையே தம்பி, இதுல டீச்சரை எண்ண வந்துட்டாரு.” மஞ்சள் சாக்ஸ் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மணிகளோடு விளையாடப் போய்விட்டாள். நீ போனை அம்மாவிடம் கொடுத்தாயே, அதே மாதிரி.

பிறகு டீச்சர் தரையில் உட்கார்ந்தார். அவள் உயரத்துக்கு. இப்போது வானத்தில் உனக்கு என்ன தெரிகிறது என்று கேட்டுவிட்டு, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரலை மடக்கிக்கொண்டே இருந்தார். நான் பின்னால் நின்றதால் விரலைப் பார்த்தேன். ஐந்து விரல் முடிந்து அடுத்த கை ஆரம்பித்தது. ஏழாவது விரலில், “சா... சாம்பலு. ஆனா ஓரத்துல வெள்ளையா இருக்கு. யாரோ துடைச்சிருக்காங்க” என்றாள். டீச்சர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. யார் துடைத்திருப்பார்கள் என்றுகூடக் கேட்கவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தார். “இவ என் கிளாஸ்ல ஒம்பது மாசமா இருக்கா சார்” என்றார் கடைசியில். நாளையிலிருந்து பாதிப் பிள்ளைகளை ஆயாவோடு மணல்தொட்டிக்கு அனுப்பிவிட்டு, மீதிப் பேரிடம் இப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும், ஆனால் ஆயாவைக் கூடத்தை விட்டு அனுப்ப நிர்வாகி விடமாட்டார் என்று தனக்குத்தானே திட்டம் போட ஆரம்பித்துவிட்டார். நாளை ஒன்பது மணிக்கு அவருக்கு என்ன காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவன் என்று பெயர் வாங்கிய உன் அப்பா, மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போய்வருகிறேன் டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நிர்வாகிக்கு இரண்டு முறை போன் போட்டேன், எடுக்கவில்லை. முதல் அறிக்கை தப்பு என்று இன்னொரு மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. அவருக்கு வேண்டிய தாள் கையில் கிடைத்துவிட்டது, இரண்டாவதை ஏன் திறக்கப்போகிறார். உனக்காகத்தான் எண்ணினேன் என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும், இன்றைக்குத்தான் காத்திருக்கக் கற்றுக்கொண்ட ஒருவரை நாளைக்கு வெளியே அனுப்ப நானே தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்து வருகிறவருக்கும் அதே மின்விசிறி, அதே டைல்ஸ், அதே இருபத்தாறு பேர்தான். உன்னைச் சேர்ப்பதானால் அந்த டீச்சரிடம்தான் சேர்க்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன், அதைத்தான் நானே கெடுத்து வைத்திருக்கிறேன்.

நீ நன்றாக இரு. உயரமாக வளர், கட்டிலை நான் பார்த்துக்கொள்கிறேன். சொல் வர எவ்வளவு நேரம் ஆனாலும் எடுத்துக்கொள், எடுத்துக் கொடுக்கிறவர்களை முறைத்துப் பார், அப்பாவாக இருந்தாலும். அம்மாவுக்கு வாஷரை நினைவுபடுத்து.

உன் அவசரக்கார
அப்பா

நாளை செய்ய வேண்டியவை:

1. காலை 7.45. பள்ளி வாசலில் நின்று, டீச்சர் வந்ததும் அந்த மின்னஞ்சலைத் திறந்து போனை அவர் கையில் கொடுப்பது. படித்து முடிக்கும்வரை விளக்கம் சொல்லக் கூடாது.

2. 9.00 கூட்டம். நான் எழுதியது தவறு என்று டீச்சர் முன்னாலேயே நிர்வாகியிடம் சொல்வது. ‘ஓரளவு’ என்ற சொல் கூடாது. இரண்டு மின்விசிறியையும் ஓடவிட்டு மீட்டரைக் காட்டுவது.

3. மைக் வேலையை வேண்டாம் என்பது. பேரிங் மாற்றி, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டி, டைல்ஸ் சுவரில் கனத்த துணி கட்டித் தருவதாகச் சொல்வது.

4. ஆயாவையும் பாதிப் பிள்ளைகளையும் மணல்தொட்டிக்கு அனுப்பக் கேட்பது. மறுத்தால் மறுபடியும் கேட்பது.

5. டீச்சர் வேலையில் இருந்தால், அவராகக் கேட்டால் மட்டும், மாதம் ஒருமுறை போய் எண்ணிக் கொடுப்பது. தாள் அவருக்கு. எனக்கோ நிர்வாகிக்கோ நகல் கிடையாது.

6. மாலை 6.00. உனக்குப் போன். ‘ப’ என்ன என்று ஒரே ஒரு தடவை கேட்பது. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு.